ஆறு இருபத்தொன்பது பஸ்ஸும் எங்கள் எம்.பி.யும்

நான் அந்தக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த அன்று வந்த முதல் முறைப்பாடு ஒரு சேவலைப் பற்றியது. வயதான மனிதர் ஒருவர் வந்து, பக்கத்து வீட்டுச் சேவல் விடிய நாலு மணிக்கே கூவுகிறது என்றார். நான் நம்பமாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, மேசைக்கு முன்னால் நின்று கூவியும் காட்டினார். சிட்னியின் மேற்கே, ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு சலூனுக்கும் நடுவே இருந்தது எங்கள் எம்.பி.யின் தொகுதி அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குத் தந்திருந்த தாளில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. சேவல், நாய், குப்பைத்தொட்டி என்றால் நகரசபை. விசா, ஓய்வூதியம் என்றால் கன்பராவில் இருக்கும் மத்திய அரசு. பஸ், ரயில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்றால் மாநில அரசு. எங்கள் எம்.பி. மாநிலப் பாராளுமன்றத்தில் இருந்தவர். ஆகவே சேவல் எங்களுடையது அல்ல. அதை நான் மிக மரியாதையாக ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியபோது பின்னாலிருந்த கதவு திறந்தது.

"இன்னொரு தடவை கூவுங்கள்" என்றார் எம்.பி. "சேவலா, வான்கோழியா என்று எனக்குத் தெரியவேண்டும்."

அவர் அந்த மனிதரை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, தேநீர் கொடுத்து, நகரசபைக்குத் தானே தொலைபேசி எடுத்துப் பேசினார். இருபது நிமிடம். கிழவர் போகும்போது என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். பிறகு எம்.பி. என் மேசையில் சாய்ந்து நின்று சொன்னார்: "சேவல் நம்முடைய வேலை இல்லைதான். ஆனால் எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருந்தால் அவர் இங்கே வந்திருக்கமாட்டார், இல்லையா?"

அது 2009. யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவள் நான். அங்கே சனங்கள் வரிசையில் நிற்பார்கள், நாங்கள் கதிரையில் இருப்போம், கோப்பு மேசைக்கு மேசை நகரும். அவுஸ்திரேலியாவுக்கு வந்து, செவன் ஹில்ஸில் வீடெடுத்து, சில காலம் ஒரு பொதி கட்டும் இடத்தில் வேலை செய்து, ஒரு கணினிப் படிப்பையும் முடித்தபின் கிடைத்த வேலை இது. வாரத்தில் மூன்று நாள். நேர்முகத்தில் எம்.பி. கேட்டது ஒரே கேள்வி: "கத்துகிற ஆளோடு உங்களால் கத்தாமல் பேசமுடியுமா?" எனக்கு மூன்று நாத்தனார்கள் என்றேன். உடனே வேலை தந்துவிட்டார்.

எம்.பி. அயர்லாந்தில் பிறந்த பெண்மணி. இருபத்திரண்டு வயதில் ஒரு வருடம் சுற்றிப்பார்க்க என்று வந்து, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்து, அப்படியே தங்கிவிட்டவர். ஐம்பது கடந்தும் அந்த உச்சரிப்புப் போகவில்லை. முதல் மாதம் அவர் சொல்வதில் பாதி எனக்கு விளங்கவில்லை. தொலைபேசியில் ஒருவர் என்னிடம், "ஒழுங்காக இங்கிலீஷ் பேசத் தெரிந்த யாரிடமாவது கொடு" என்று சீறினார். நான் எம்.பி.யிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் கழித்து எம்.பி. சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிசீவரை என்னிடமே நீட்டினார். "முதலில் பேசின பெண்ணையே தா என்கிறார்."

அவர் எனக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு ஒன்றுதான். வருகிறவர் சொல்வதை முதலில் அவருடைய வார்த்தையிலேயே எழுதவேண்டும். திருத்தக்கூடாது, அழகாக்கக்கூடாது. கடிதம் அதற்குப் பிறகு. கச்சேரியில் பத்து வருடம் நான் செய்தது இதற்கு நேர்மாறானது. அங்கே ஒருவர் "என்ர கிணத்துக்குள்ள உப்புத் தண்ணி வருது" என்றால், நாங்கள் "நன்னீர் பெறுவதில் இடர்பாடு" என்று எழுதுவோம். அதன்பிறகு கிணறு எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

அடுத்த வருடக் குளிர்காலத்தில் ஒரு பிற்பகல் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பத்திரங்களின் பிரதிகளை மூலத்தோடு ஒப்பிட்டு, உண்மையானவை என்று கையெழுத்து வைக்கும் சமாதான நீதவானைத் தேடி வந்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் சமாதான நீதவான் என்றால் வேட்டி சால்வையோடு ஒரு பெரிய மனிதர், வீட்டு வாசலில் பெயர்ப்பலகை. இங்கே அது நான்தான், கம்பளிச் சட்டையும் கையில் முத்திரையுமாக. தங்கச்சி என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"ஐயா இல்லையோ அக்கா?"

"ஐயா நான்தான். இருங்கோ."

அவள் இருக்கவில்லை. வாசல் மிதியடியில் நின்று சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சப்பாத்து முழுக்கச் சேறு காய்ந்திருந்தது, காற்சட்டையின் கீழ்விளிம்பில் புல்விதைகள் ஒட்டியிருந்தன.

"மழையே இல்லையே. எங்க இவ்வளவு சேறு?"

"காலமை நடந்து போனனான் அக்கா. அந்த ரோட்டில நடைபாதை இல்லை, புல்லுக்குள்ளாலதான் போகோணும்."

"நெடுகவும் நடக்கிறனீங்களோ?"

"ஓம். பஸ் போயிடும்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு எடுத்தேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் பெரிய சலவைத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. காலை ஏழு மணிக்கு ஆரம்பம். அவள் வரும் ரயில், நிலையத்துக்கு ஆறு முப்பத்தொன்றுக்கு வரும். தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ் அதே நிலையத்திலிருந்து ஆறு இருபத்தொன்பதுக்குப் புறப்படும். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. முந்திய ரயிலைப் பிடிக்க முடியாது; கணவர் நாலரைக்கே வேலைக்குப் போய்விடுவார், பிள்ளையைப் பக்கத்து வீட்டு அன்ரி ஆறு மணிக்குத்தான் ஏற்றுக்கொள்வார். ஆகவே அவளும் அதே ரயிலில் வரும் இன்னும் பல பெண்களும் ஒவ்வொரு நாளும் முப்பத்தைந்து நிமிடம் நடக்கிறார்கள். பிந்திப் போனால் மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார்.

"இதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயோ அக்கா, நான் குறை சொல்ல வரேல்லை. என்ர பேர் எங்கயும் வேண்டாம். எங்கட கேஸ் நடந்துகொண்டிருக்கு. பஸ்ஸைப் பற்றிக் குறை சொன்னவ எண்டு ஃபைலில எழுதிப்போட்டால்?"

அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும்வரை தற்காலிக விசாவில் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்தப் பத்திரங்களுக்குத்தான் நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வது எளிது. ஆனால் கோப்பில் பெயர் ஏறுவதற்குப் பயப்படுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். அடுத்த பிரதியில் முத்திரையைக் குத்தினேன். அவள் போனபின் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன், பெயர் இல்லாமல். அதில் ஒரு வரி இருந்தது: "எனக்கு அந்த பஸ்ஸின்ர முன்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு தெரியாது. பின்பக்கம் நல்லாத் தெரியும்."

எம்.பி. என் ஆங்கிலத்தில் அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பெயர் தேவையில்லை. நேரம் போதும். வெள்ளிக்கிழமை நாம் இரண்டு பேரும் அந்த ரயிலில் போகிறோம்."

வெள்ளிக்கிழமை காலை குளிர் எலும்பைத் துளைத்தது. ரயில் சரியாக ஆறு முப்பத்தொன்றுக்கு நின்றது. கதவு திறந்ததுமே ஒரு கூட்டம் படிகளில் ஓடியது. தினமும் தோற்றாலும் தினமும் ஓடுகிறார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன். எம்.பி.யும் ஓடினார். கைப்பை ஒரு பக்கம், கழுத்துச் சால்வை ஒரு பக்கம். நான் பின்னால் வந்தேன். படி ஏறி வெளியே போனபோது, அன்று சற்றுப் பிந்திப் புறப்பட்ட பஸ்ஸின் இரண்டு சிவப்பு விளக்குகள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன.

"அதோ பின்பக்கம்" என்றார் எம்.பி. மூச்சிரைக்க. "அழகாகத்தான் இருக்கிறது."

தங்கச்சி என்னைக் கண்டு திகைத்து நின்றாள். நான் கண்ணால் ஒன்றுமில்லை என்றேன். எல்லாரும் நடக்கத் தொடங்கினோம். வீதியோரம் ஒற்றை வரிசையில், பனியில் நனைந்த புல்லுக்குள்ளால், லொறிகள் காதோடு உரசிக்கொண்டு போக. எம்.பி. வாய் மூடவில்லை. அயர்லாந்தில் அவருடைய ஊரில் சனிக்கிழமைகளில் பாராளுமன்ற உறுப்பினர் ஒரு கடையின் பின்னறையில் வந்து இருப்பாராம். அவருடைய தாயார் முச்சந்திக்கு ஒரு தெருவிளக்குக் கேட்டு ஒவ்வொரு சனியும் போவாராம். "கடைசியில் அந்த மனிதர் அம்மாவைக் கண்டாலே விளக்கு, விளக்கு என்று தானே சொல்லத் தொடங்கிவிட்டார். விளக்கு வந்தது. வந்த அன்று அம்மா அழுதாள். இனிச் சனிக்கிழமை எங்கே போவது என்று."

தங்கச்சிக்குப் பக்கத்தில் நடந்த மதுரைக்காரப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, இந்தம்மா யாரு? நம்ம லாண்டிரிக்குப் புதுசா வேலைக்கு வர்றாங்களா?"

"இவ இந்தத் தொகுதி எம்.பி."

"சும்மா சொல்லாதீங்க. எம்.பி. எங்கயாச்சும் நடப்பாங்களா?"

தொழிற்சாலை வாசலை அடைந்தபோது ஏழு கடந்து எட்டு நிமிடம். எம்.பி.யின் சப்பாத்து இரண்டும் சேறு. மேற்பார்வையாளர் கையில் தாளோடு நின்றார். எம்.பி. அவரிடம் போய், "என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், நானும் பிந்திவிட்டேன்" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். பஸ் நிர்வாகத்துக்கு ஒன்று, ரயில் நிர்வாகத்துக்கு ஒன்று என்று இரண்டு கடிதங்கள் எழுதினோம். ஆறு வாரத்தில் இரண்டு பதில்கள் வந்தன. பஸ் பக்கத்திலிருந்து வந்தது, ரயில் நேரம் மாறினால் பஸ் நேரத்தைப் பரிசீலிக்கலாம் என்றது. ரயில் பக்கத்திலிருந்து வந்தது, பஸ் நேரம் பஸ் பக்கத்தின் பொறுப்பு என்றது. எம்.பி. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து, திருமணப் பேச்சு நடத்துகிறவர்போல இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை போலிருக்கிறது" என்றார். பஸ் கடிதத்தின் பிரதியை ரயிலுக்கும், ரயில் கடிதத்தின் பிரதியை பஸ்ஸுக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அறிமுகக் குறிப்போடு அனுப்பினோம். அதற்குப் பதிலே வரவில்லை.

அப்போதுதான் மனு என்று முடிவானது. மக்கள் கையெழுத்திட்ட மனுவை எம்.பி. பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தால் அதை ஒருவரும் அலுமாரிக்குள் வைக்கமுடியாது. ஆனால் யார் கையெழுத்திடலாம்? தங்கச்சியின் பயம் எனக்குத் தெரியும். பாராளுமன்றத்துக்குத் தொலைபேசி எடுத்து, குடியுரிமை இல்லாதவர்கள், தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாநிலத்தில் வசிக்கிறாரா? அப்படியானால் வைக்கலாம்."

தங்கச்சியைக் கந்தோருக்கு வரச்சொல்லி அதைச் சொன்னேன். நம்பாமல் மூன்று தரம் கேட்டாள். எம்.பி. வந்து அவளுக்கு எதிரே அமர்ந்தார்.

"நீங்கள் கையெழுத்திடாவிட்டாலும் இந்த மனு போகும்" என்றார். நான் தமிழில் சொன்னேன். "யாரும் உங்களைக் குறை நினைக்கமாட்டார்கள். ஆனால் முதல் வரி உங்களுக்கென்று விட்டிருக்கிறேன். உங்கள் பெயரை எழுதுகிறீர்களா?"

தங்கச்சி தாளைப் பார்த்தாள். வெளியே சலூனில் யாரோ தலைமுடி உலர்த்தும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பேனாவை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"ஓம்" என்றாள்.

எழுதும்போது நாக்கின் நுனி வெளியே வந்திருந்தது. முழுப் பெயரையும் எழுதினாள், தகப்பன் பெயரோடு.

அதன்பிறகு மனுத்தாள்கள் போகாத இடமில்லை. சலவைத் தொழிற்சாலையின் சாப்பாட்டறை, கோயிலில் செருப்பு விடுகிற இடம், தேவாலய வாசல், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், மருந்துக்கடை. மதுரைக்காரி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்வந்தாள். அவளிடம் தப்பிப் போக எவராலும் முடியவில்லை. சேவல்கார மனிதரும் வந்து கையெழுத்துப் போட்டார். அவர் பஸ்ஸே ஏறுவதில்லை. தாள்களைப் பெரிய உறையில் போட்டு, பெருமையோடு பாராளுமன்றத்துக்கு அனுப்பினேன்.

நாலு நாளில் உறை திரும்பி வந்தது.

கோரிக்கை முழுவதும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கவேண்டும் என்பது விதி. நான் தாளின் முன்பக்கத்தில் மட்டும் அச்சடித்திருந்தேன். சனங்கள் ஆர்வத்தில் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். பின்பக்கக் கையெழுத்துகள் ஒன்றும் செல்லாது. விதி எனக்கு அனுப்பப்பட்ட தாளில் இரண்டாவது வரியிலேயே இருந்தது. பத்து வருடம் கச்சேரியில் மற்றவர்களின் பத்திரங்களில் பிழை பிடித்தவள் நான். குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எம்.பி. கதவில் வந்து நின்றார். "எவ்வளவு போய்விட்டது?"

"பாதி."

"பாதி இருக்கிறது என்றும் சொல்லலாம். அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன். அன்று பிற்பகல் மூன்றரைக்கு, வேலை முடிகிற நேரம், புதிதாக அச்சடித்த தாள்களோடு தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். என் பிழை, என்னால் உங்கள் உழைப்பு வீணாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன்.  அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மதுரைக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "இதுக்கா அக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? இன்னொரு தடவை போட்டா கை தேஞ்சா போகும்? குடுங்க இங்க."

தங்கச்சி தாள்களை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கத்திலும் கோரிக்கை இருந்தது. "இந்த முறை நான் செக் பண்ணுறன் அக்கா" என்றாள். பெயர் எங்கேயும் வேண்டாம் என்றவள், இப்போது ஒவ்வொருவரும் விலாசத்தை ஒழுங்காக எழுதினார்களா என்று பிடித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் வந்த கையெழுத்துகள் முதல் தரத்தைவிட அதிகம். முதல் தரம் போட்டவர்கள், இது திரும்பி வந்த கதையைச் சொல்லிச் சொல்லியே வீட்டாரையும் கூட்டிவந்திருந்தார்கள்.

மனு சமர்ப்பிக்கப்பட்ட அன்று தொழிற்சாலைப் பெண்களைப் பாராளுமன்றத்துக்கு வரச்சொன்னார் எம்.பி. விடுப்பு எடுக்கக்கூடிய எட்டுப் பேர் வந்தார்கள். வேலைத்தளத்து நீலச் சட்டையில் மட்டுமே நான் பார்த்திருந்தவர்கள், அன்று சேலையும் பூவுமாக நகரத்து ரயிலில் ஏறினார்கள். மதுரைக்காரி கனகாம்பர நிறத்தில் பட்டுடுத்திருந்தாள். வாசலில் எல்லாப் பைகளையும் இயந்திரத்துக்குள் விடவேண்டும். தங்கச்சியின் பையில் பெரிய டப்பா ஒன்று. காவலர் திரையைப் பார்த்து, "உள்ளே உருளை உருளையாக இருக்கிறதே, என்ன?" என்றார்.

"ரோல்ஸ். மட்டன்" என்றாள் தங்கச்சி. அவளுடைய ஆங்கிலத்தில் அன்று தடங்கலே இல்லை. "எங்கட எம்.பி.க்கு."

காவலர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்று குறைந்துதான் அது உள்ளே போனது.

பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தால் சபை நான் நினைத்ததைவிடச் சிறியது. பச்சைத் தோல் இருக்கைகள், பாதி காலி. ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.பி. எழுந்தார். அவருக்கு ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவர் ரயில் பக்கக் கடிதத்தையும் பஸ் பக்கக் கடிதத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு, "எனக்கு அந்த பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரியும்" என்ற வரியை வாசித்தார். எதிர்க்கட்சிப் பக்கத்திலும் சிரித்தார்கள். கைத்தொலைபேசிக்காரர் நிமிர்ந்தார். பிறகு குரலைக் குறைத்து, இந்தப் பெண் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றவள், எவரையும் குறை சொல்ல விரும்பாதவள் என்றார். "மனுவின் முதல் வரியில் கையெழுத்திடுவீர்களா என்று அவரைக் கேட்டேன். அவர் தம் மொழியில் ஒரு சொல் சொன்னார். ஓம்."

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. மாடத்தில் கைதட்டக்கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். மதுரைக்காரி மட்டும் மெதுவாக இரண்டு தரம் தட்டிவிட்டாள். காவலர் அவளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

மறுநாள் காலை கந்தோருக்கு ஒரு தொலைபேசி. சபையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் ஹன்சார்ட் பிரிவிலிருந்து ஒரு பெண். மிகக் கவனமான குரல்.

"நேற்றைய உரையில் ஒரு சொல். ஓம். அதன் எழுத்துக்கூட்டைச் சரிபார்க்கவேண்டும். யோகாசனம் செய்யும்போது சொல்வார்களே, அதுவா?"

"இல்லை" என்றேன். "இது சாதாரண ஓம்."

"சாதாரண ஓம் என்றால்?"

"யெஸ்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அப்படியானால் யெஸ் என்று அடைப்புக்குள் போடவா?"

நான் எம்.பி.யைக் கேட்டேன். அவர் உள்ளிருந்தே கத்தினார்: "போடவேண்டாம். தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்."

அது அப்படியே அச்சில் இருக்கிறது, அடைப்புக்குறி இல்லாமல். எங்கள் நாட்டில் பாராளுமன்றப் பதிவில் தமிழ் ஏறியதும் இறங்கியதும் பெரிய கதை. இந்த நாட்டில் எங்கள் சொல் ஒன்று, ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அன்று முழுவதும் என் முகத்தில் சிரிப்பு நின்றது என்று என் கணவர் சொன்னார்.

அமைச்சரின் கடிதம் வர மேலும் இரண்டு மாதம் ஆனது. நான்கு பந்திகள். மூன்றாவது பந்தியின் நடுவில், புதிய நேர அட்டவணையின்படி அந்த பஸ் ஆறு முப்பத்தாறுக்குப் புறப்படும் என்று இருந்தது. ஏழு நிமிடம். நான் அந்த வரியை மூன்று தரம் வாசித்துவிட்டுத் தொழிற்சாலைச் சாப்பாட்டறைக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரோ எடுத்து யாரிடமோ கொடுத்து, கடைசியில் தங்கச்சி வந்தாள்.

"தங்கச்சி, ஆறு முப்பத்தாறு."

"என்ன அக்கா?"

"பஸ். ஆறு முப்பத்தாறு."

 அவள் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள் போலிருக்கிறது. பிறகு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தில் எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. யாரோ மேசையில் தட்டினார்கள். மதுரைக்காரியின் குலவைச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

முதல் நாள் நானும் போனேன், பார்க்கவேண்டும் என்ற ஆசையில். பஸ் விளக்குகளைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பெண்கள் வழக்கம்போல ஓடிவந்து, பிறகு ஓடவேண்டியதில்லை என்று நினைவு வந்து, வெட்கப்பட்டு நடந்தார்கள். எல்லாரும் ஏறி அமர்ந்தபின்னும் பஸ் புறப்பட நேரம் இருந்தது. ஒருத்தி பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினாள். இன்னொருத்தி தேநீர்ப் போத்தலைத் திறந்தாள். தங்கச்சி யன்னலோரம் இருந்து எனக்குக் கையசைத்தாள்.

எம்.பி. 2011 தேர்தலில் நிற்கவில்லை. போதும், இனித் தோட்டம் செய்யப்போகிறேன் என்றார். விடைபெறும் விருந்துக்கு சலவைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே வெள்ளை மேசைவிரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து. ஓரத்தில் பெண்கள் எல்லாரும் தங்கள் பெயர்களை நூலால் தைத்திருந்தார்கள். எம்.பி. அதை விரித்து ஒவ்வொரு பெயராக உச்சரித்துப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. ஒருவரும் திருத்தவும் இல்லை. நான் புதிய எம்.பி.யோடு அதே மேசையில் வேலையைத் தொடர்ந்தேன்.

அடுத்த வருடம் தங்கச்சிக்கு நிரந்தர விசா கிடைத்தது. அதற்கும் எங்கள் கந்தோருக்கும் தொடர்பில்லை, கன்பரா வேலை. ஆனால் செய்தி வந்ததும் அவள் நேரே வந்தது எங்களிடம்தான். வாசலில் நின்றே, "அக்கா, கிடைச்சிட்டுது" என்றாள். மருந்துக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் லட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

2013இல் கணவருக்கு நல்ல வேலை கிடைத்து அவர்கள் மெல்பேண் பக்கம், பொயிண்ட் குக்குக்குப் போனார்கள். புது வீடுகள், புது வீதிகள், எல்லா நாட்டுச் சனமும். போய் இரண்டு மாதத்தில் ஒரு பிற்பகல் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, இஞ்ச மகளின்ர பள்ளிக்கூடத்துக்கு முன்னால கடவை இல்லை. கார் எல்லாம் பறந்து வருது. பிள்ளையள் எப்பிடிக் கடக்கிறது?"

நான் பேனாவை எடுத்தேன். "பொறுங்கோ, அந்தப் பகுதி எம்.பி. ஆர் எண்டு பாத்துச் சொல்லுறன்."

"அது எனக்குத் தெரியும் அக்கா. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சந்திக்க நேரம் எடுத்திட்டன். இன்னும் ஆறு தாய்மார் வருகினம். உங்களுக்குச் சும்மா சொல்லத்தான் எடுத்தனான்."

 பேனாவை வைத்தேன்.

"என்ன அக்கா, சிரிக்கிறியளோ?"

"இல்லை, சொல்லுங்கோ."

"சரி அக்கா, பள்ளிக்கூடம் விடுற நேரம். போட்டு வாறன்."